கொண்டச்சிப் பாதையும் டீசல் வண்டியும்: நம்பகத்தன்மை பற்றிய சில குறிப்புகள்

1

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகரின் வண்டியோடு தொடர்புறுத்திப் பாடுகிறார். உமணர் எனப்பட்ட அவ்வணிகர், பாரம் மிகுந்த வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்குகையில் அச்சு முறிந்தால் உதவும்பொருட்டு, வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிச் சென்றனர். அந்தச் சேம அச்சுக்குத் தலைவனை ஒப்பிடுகிறது பாடல். இவ்வுவமையின் நயத்தை நமது இலக்கிய ஆசிரியர்கள் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். ஆயின், உவமை பிறப்பதற்கு முன்னரே உமணரின் வண்டியடியில் மெய்யாகவே ஓர் அச்சுக் கட்டப்பட்டிருந்தது என்பதும், நெடுவழி செல்வோரின் அனுபவ அறிவே புலவருக்கு உவமையாயிற்று என்பதும் அதே அளவுக்கு மனங்கொள்ளப்பட்டதில்லை.

இவ்வுண்மை நமக்கு நூலகத்தில் உறைக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மாரி தொடங்கிய வேளையில், முசலிப் பகுதியின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டும் நோக்குடன் வாடகை ஜீப் ஒன்றில் மன்னாரிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றோம். கொண்டச்சியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டி இருமுறை விக்கி நின்றுவிட்டது. சாரதியையும் சேர்த்து வண்டியில் இருந்தோர் அறுவர். ஐவர் பட்டதாரிகள். டீசல் எந்த வழியாக எஞ்சினை அடைகிறது என்பதை அவ்வைவருள் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சாரதிக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவரிடம் கருவிகள் இருக்கவில்லை. இரண்டு மணி நேரத்தின் பின் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், கடற்றொழிற் படகுகளின் எஞ்சின்களைத் திருத்துபவர், வண்டியைப் பார்க்கு முன் ஒரு வெற்றுச் சோடாப் போத்தலைக் கேட்டார். எரிபொருள் வடிகட்டியின் அடியிலிருந்த திருகைத் தளர்த்தி, வடிந்ததைப் போத்தலிற் பிடித்து வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். மேலே மஞ்சள் நிறத்தில் டீசல். கீழே மூன்றிலொரு பங்கு தெளிந்த நீர். “கடல்ல எஞ்சின் நிண்டா இறங்கி நடக்க ஏலாதே சேர்” என்பதே அவர் தந்த ஒரே விளக்கம்.

அப்போத்தல் நமக்கு ஒரு பாடமாயிற்று. தொலைவிடங்களில் ஓடும் டீசல் வண்டியின் எரிபொருள் தொகுதி எவ்வாறு இயங்குகிறது, எதனாற் கெடுகிறது, அதனை எவ்வாறு பேணலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. இலக்கிய மாணவருக்கு இது புறம்பான விடயம் எனச் சிலர் கருதலாம். வண்டியின் நம்பகத்தன்மை வாங்கும்போது கூடவே வரும் ஒரு பண்பு என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது நாள்தோறும் உழைப்பாலும் அறிவாலும் ஆக்கப்படவேண்டிய ஒன்று என்பதே நாம் இங்கு நிறுவ விழைவது.

2

முதலில் இடத்தை நோக்குவோம். கொண்டச்சி மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில், சிலாவத்துறைக்கு அண்மையில் உள்ள கடலோரக் கிராமம். வடக்கே அரிப்பு, அதற்கு அப்பால் அருவியாறு கடலோடு கலக்கிறது. தெற்கே மறிச்சுக்கட்டியும் மோதரகம் ஆறும் வில்பத்துக் காடும். கடலோரத்தை அடுத்துச் செம்மண்ணும் மணலுமான நிலம். வேனிலில் தூசியும், மாரியில் வெள்ளமும் இவ்வழியின் இயல்புகள்.

கொண்டச்சி எக்காலத்திலும் ‘தொலைவிடம்’ ஆக இருந்ததன்று. 1803இல் வெளிவந்த றொபேர்ட் பெர்சிவலின் இலங்கை பற்றிய நூல், முத்துக்குளிப்புப் படகுகள் கூடும் நடுவிடமாகக் கொண்டச்சிக் குடாவைக் குறிப்பிடுகின்றது. முதலாவது பிரித்தானிய ஆள்பதி பிரடெரிக் நோர்த் இக்குளிப்பை மேற்பார்வையிடவே 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் மாளிகை ஒன்றைக் கட்டுவித்தான். 1906இல் முத்துப்படுகைகள் இலண்டனைச் சேர்ந்த கம்பனி ஒன்றுக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் நெடுங்காலம் குளிப்பே நிகழவில்லை. செல்வம் கிடைத்தவரை கொண்டச்சி உலகச் சந்தையின் அருகில் இருந்தது. அது அற்றதும் தொலைவாயிற்று.

இரண்டாவது தொலைவு அண்மைக் காலத்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலியின் ஊர்களும் வெறுமையாயின. புத்தளம் முகாம்களில் ஏறத்தாழ இரு தசாப்தங்களைக் கழித்தோர், 2009இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாகத் திரும்பத் தொடங்கினர். அவர்கள் திரும்பியது காடு மூடிய காணிகளுக்கு. வில்பத்தினூடாகப் புத்தளம் செல்லும் பழைய பாதையும் நீண்ட வழக்குக்கும் வாதத்துக்கும் உரியதாயிற்று. ஆகவே, ‘தொலைவு’ என்பது கிலோமீற்றரால் மட்டும் அளக்கத்தக்கதன்று. பாதை, எரிபொருள் நிலையம், கராஜ், உதிரிப்பாகக் கடை, மருத்துவமனை ஆகியன எங்கே அமைக்கப்பட்டன, எங்கே அமைக்கப்படவில்லை என்பதன் விளைவு அது. வழியில் வண்டி நின்றால் நமக்கு இழப்பாவது ஒரு பிற்பகல். பிரசவ வேதனையிலுள்ள பெண்ணை மன்னார் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோருக்கு இழப்பு வேறு. எரிபொருட் பராமரிப்பு இங்கு பொழுதுபோக்கு வாகனக்காரரின் ஆர்வமாக அமையாமல் வாழ்க்கைத் தேவையாக அமைவது இதனாலேயே.

3

இனி, இயங்கும் முறை. பெற்றோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி தேவை. டீசல் எஞ்சினில் அது இல்லை. உருளையினுள் காற்று மட்டும் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அந்நெருக்கத்தால் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அக்கணத்தில், மிக நுண்ணிய துவாரங்களூடாக டீசல் பனிப்புகை போலப் பீச்சப்பட, அது தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே, டீசல் எஞ்சினின் வேலை முழுவதும் ஒரு நிபந்தனையைச் சார்ந்துள்ளது: சரியான அளவு எரிபொருள், சரியான நொடியில், பேரமுக்கத்தில் பீச்சப்படல் வேண்டும்.

இவ்வெஞ்சினை ஆக்கிய றூடொல்ப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெருமுதலாளரின் நீராவி எஞ்சின்களுக்கு எதிராகச் சிறு கைவினைஞரும் பயன்படுத்தத்தக்க எந்திரமாக அது அமையும் என்பது அவரது எதிர்பார்ப்பு. 1903இல் தொழிலாளர் கூட்டொருமை பற்றி ஒரு நூலையும் அவர் எழுதினார். வரலாறு வேறு வழியிற் சென்றது. அவரது தொடக்ககால எஞ்சின்களில் எரிபொருளைச் செலுத்த அமுக்கிய காற்று தேவைப்பட்டதால், அவை ஆலைகளிலும் கப்பல்களிலும் நிலையாகப் பொருத்தப்படும் பெரும் எந்திரங்களாகவே இருந்தன. 1927இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் எரிபொருட் பம்பியைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் எஞ்சின் வீதிக்கு வந்தது. டீசல் வண்டியை ஊர்தியாக்கியதே பம்பிதான். அது நின்றுபோவதும் பெரும்பாலும் பம்பியையும் அதனைச் சார்ந்த வழியையும் பற்றியதாகவே உள்ளது.

அவ்வழி பின்வருமாறு: தாங்கியிலிருந்து டீசல், ஊட்டும் பம்பியால் இழுக்கப்பட்டு, நீர்பிரிப்பானையும் வடிகட்டியையும் கடந்து, உயரமுக்கப் பம்பியை அடைகிறது. அங்கிருந்து உருக்குக் குழாய்கள் வழியே, பட்டறைகளில் ‘நொசில்’ எனப்படும் பீச்சுவாய்களுக்குச் செல்கிறது. எரிந்தது போக எஞ்சியது வேறொரு குழாயால் தாங்கிக்குத் திரும்புகிறது. இத்திரும்பு வழி கவனிக்கத்தக்கது. எஞ்சின் எரிப்பதிலும் கூடிய டீசல் வழி முழுவதும் சுற்றிவருவதால், தாங்கியின் அடியிற் கிடக்கும் அழுக்கு ஒருநாள் வடிகட்டியை வந்தடைந்தே தீரும். “அடியிற்றானே கிடக்கிறது” என்ற ஆறுதல் இங்கு செல்லாது.

பழைய வகைப் பம்பியின் உள்ளுறுப்புகளுக்கு இடைப்பட்ட வெளி சில மைக்ரோன்களே. ஒரு மைக்ரோன், மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. மனித மயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோன் வரை. கண்ணுக்குத் தெரியாத தூசியும் அவ்விடைவெளியில் அரமாகிவிடும். அவ்வுறுப்புகளுக்கு வேறு எண்ணெய் இடப்படுவதில்லை. கடந்து செல்லும் டீசலே அவற்றுக்கு வழுவழுப்பையும் தருகின்றது. எரிபொருளே உராய்வு நீக்கியுமாய் இருக்கும் இவ்விரட்டைப் பணியைப் புரிந்துகொண்டால், பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

4

டீசலின் பகைகள் ஐந்து எனலாம்: நீர், தூசி, காற்று, நுண்ணுயிர், கலப்படம்.

நீர் டீசலிலும் கனமானது. ஆகையால் அடியில் தங்கும். அதற்கு வழுவழுப்பில்லை, உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும், சூடான நொசில் நுனியில் சடுதியாக ஆவியாகி அதனைச் சிதைக்கவும் கூடும். கடலோரத்தில் உப்பும் சேரின் கேடு இருமடங்கு. நீர் புகும் வழிகள் பல. பாதி வெறுமையான தாங்கியினுள் உள்ள ஈரக்காற்று இரவிற் குளிர்ந்து, சுவரில் துளித்து வடிகிறது. ஆகவே, பயண நாட்களில் காலையிலன்றி மாலையிலேயே தாங்கியை நிரப்பிவைத்தல் நன்று. நிமிர்த்தி வைத்த பரலின் மேற்றட்டில் மழைநீர் தேங்கும். பரல் இரவிற் குளிர்ந்து சுருங்கும்போது அந்நீர் மூடியின் புரியூடாக உள்ளே உறிஞ்சப்படும். இதனாலேயே பட்டறிவுள்ளோர் பரலைப் படுக்கவைத்தோ, கூரையின் கீழோ வைக்கின்றனர். தாங்கியின் காற்றுக் குழாய் தாழ்வாக இருப்பின், வெள்ளத்தைக் கடக்கையிலும் நீர் புகும். றப்பர்க் குழாய் ஒன்றினால் அதனை உயர்த்திக்கொள்ளலாம்.

தூசி பெரும்பாலும் எரிபொருள் ஊற்றும் வேளையிலேயே நுழைகிறது. மூடியைத் திறக்குமுன் அதன் சுற்றுப்புறத்தைத் துடைத்தல், காற்று வீசும் பக்கத்துக்கு முதுகு காட்டி நின்று ஊற்றுதல், புனலில் நுண்வலை பொருத்துதல் ஆகியன சிறு செயல்களே. ஆயின் சீலைத்துணி தூசியைத் தடுக்குமேயன்றி நீரைத் தடுக்காது என்பதை மறத்தலாகாது. நீரைப் பிரிக்கச் செலவற்ற வழி, பொறுமை. கானைச் சில மணி நேரம் அசையாது வைத்து, மேலுள்ளதை மட்டும் மெதுவாக ஊற்றி, அடியில் இரண்டு விரற்கிடை அளவை விட்டுவிடல் வேண்டும். அந்த எஞ்சியதையும் ஊற்றி மிச்சம் பிடிக்கும் எண்ணமே பல வண்டிகளை நிறுத்தியிருக்கிறது. எரிபொருள் நிலையத்தில் பௌசர் டீசல் இறக்கிய உடனே நிரப்பாமல் சற்றுத் தாமதிப்பதும் இதே காரணம் பற்றியது. அவ்வேளையில் நிலத்தடித் தாங்கியின் அடிமண்டி கலங்கியிருக்கும்.

காற்று மூன்றாவது. பட்டறையார் ‘எயர் பிடித்தல்’ என்பர். தாங்கிக்கும் ஊட்டும் பம்பிக்கும் இடைப்பட்ட பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கு றப்பர்க் குழாய் வெடித்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றே உள்ளே நுழையும். ஆகவே, கசிவு தெரியவில்லை என்பதனால் வழி பழுதற்றது எனக் கொள்ளலாகாது. தொடங்கியவுடன் ஓடிச் சில நிமிடங்களில் நின்றுவிடும் வண்டியில் முதலிற் பார்க்க வேண்டியது இதுவே. பழைய வகை எஞ்சினில் வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பியை அழுத்த, நுரையுடன் டீசல் வரும். நுரை அடங்கித் தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்கினால் பெரும்பாலும் காரியம் முடிந்தது. தாங்கியை வற்றவிட்டு ஓடுவோர் காற்றையும் அடிமண்டியையும் ஒருங்கே வரவழைக்கின்றனர்.

நான்காவது, நுண்ணுயிர். நீரும் டீசலும் சந்திக்கும் மென்படையில் சிலவகைப் பூஞ்சணங்களும் பற்றீரியாக்களும் வாழ்கின்றன. டீசலை உணவாகவும் அடிநீரை இருப்பிடமாகவும் கொண்ட அவை, நமது வெப்பநிலையில் விரைந்து பெருகிக் கருமையான வழும்பாகி, வடிகட்டியை அடைக்கின்றன. மாதக்கணக்கில் தேக்கிவைத்த டீசலிலேயே இது மிகுதி. நீரில்லையேல் அவற்றுக்கு வாழ்வில்லை. எனவே, தாங்கியின் அடித்திருகைத் திறந்து காலந்தோறும் நீரை வடிப்பதே முதல் மருந்து. நாகம் பூசிய தகரக் கொள்கலன்களில் டீசலை நெடுநாள் வைத்தலும் தகாது. நாகம் டீசலோடு வினைபுரிந்து சவர்க்காரம் போன்ற படிவுகளைத் தோற்றுவிக்கும்.

ஐந்தாவது கலப்படம். மண்ணெண்ணெய் கலந்த டீசலில் எஞ்சின் ஓடும். அதனாலேயே கலப்படம் உடனே வெளிப்படுவதில்லை. ஆனால் மண்ணெண்ணெயின் வழுவழுப்புக் குறைவு. பம்பி மெல்ல மெல்லத் தேயும். கலந்தவர் ஒருவர், தேய்மானத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

5

கலப்படத்தை எடுத்துக்கொண்டால், அது தனிமனித ஒழுக்கக்கேடு என்ற அளவில் நின்றுவிட முடியாது. 2022 ஓகஸ்ட் மாத முற்பகுதியில் டீசல் லீற்றர் 430 ரூபாவாகவும் மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவும் இருந்தன. ஏறத்தாழ ஐந்து மடங்கான இவ்விடைவெளி, கலப்படத்துக்கு விடுக்கப்பட்ட அழைப்பு எனலாம். அம்மாதப் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அழைப்பு ஓரளவு மங்கியது. ஆனால் மண்ணெண்ணெயில் சிறுபடகு செலுத்தும் கடற்றொழிலாளரும், அதனால் விளக்கேற்றும் வறியோரும் அதன் விலையைச் செலுத்தினர். பம்பியின் தேய்மானத்துக்கும் மீனவரின் அடுப்புக்கும் இடையிலுள்ள தொடர்பு இத்தகையது.

சற்றுப் பின்னோக்கின், இந்நாட்டில் எரிபொருள் எக்காலத்திலும் அரசியற் பொருளாகவே இருந்துவந்துள்ளது. 1961இன் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் ஆகிய அந்நியக் கம்பனிகளின் உடைமைகள் பொறுப்பேற்கப்பட்டன. அதற்கான இழப்பீட்டைக் காரணங்காட்டி 1963இல் ஐக்கிய அமெரிக்கா தனது உதவியை நிறுத்தியது. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த யாழ்ப்பாணத்தவர், பெற்றோல் எஞ்சின்களைச் சில துளி பெற்றோலால் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தை இன்னும் நினைவுகூர்வர். 2021 நவம்பரில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அச்சுத்திகரிப்பு நிலையமே மூடப்பட நேர்ந்தது. 2022இல் நாடு முழுவதும் வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூலையில் வாராந்தப் பங்கீட்டுக் குறிமுறை அறிமுகமாயிற்று.

பங்கீட்டுக் காலத்தின் ஒரு விளைவு அதிகம் பேசப்படவில்லை. எரிபொருள் எப்போது கிடைக்கும் எனத் தெரியாத மக்கள் அதனைத் தேக்கிவைக்கத் தொடங்கினர். தண்ணீர்க் கான்களும் சமையலெண்ணெய்ப் பரல்களும் எரிபொருட் கொள்கலன்களாயின. நமது ஜீப்பை நிறுத்திய நீரும் அவ்வாறு வந்ததே. சாரதி வாரக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேமித்த டீசலை முற்றத்தில் நின்ற பிளாஸ்ரிக் பரல் ஒன்றிலிருந்து அன்று காலை நிரப்பியிருந்தார். அவரைக் கவனமற்றவர் என்று நாம் கடிந்துகொண்டோம். அது நியாயமன்று. நாட்டின் செலாவணி நெருக்கடி, ஒரு கூலிச் சாரதியின் முற்றத்துப் பரலில் மழைநீராக இறங்கியிருந்தது என்பதே சரியான விளக்கம்.

2011இல் இதே மன்னார்க் கடற்படுகையில் கெய்ர்ன் நிறுவனம் இயற்கை வாயுவைக் கண்டறிந்தது. முத்தின் கதையை அறிந்தோர், அவ்வாயு மேலே வரும் நாளில் அதன் பயன் கொண்டச்சியில் தங்குமா, கடந்து செல்லுமா என்று கேட்பதில் வியப்பில்லை.

6

இனி, எந்திரத்திலேயே நிகழ்ந்துள்ள ஒரு மாற்றத்தை நோக்கவேண்டும். பழைய லான்ட் றோவர், பழைய ரொயோட்டா வண்டிகள், உழவு இயந்திரங்கள் ஆகியவற்றில் நொசில் திறக்கும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 100 முதல் 250 மடங்கு வரை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து பரவிய ‘கொமன் றெயில்’ முறையில், ஒரு பொதுக்குழாயில் 1,500 முதல் 2,000 மடங்கும் அதற்கு மேலும் அமுக்கம் தேக்கப்பட்டு, கணினியின் கட்டளைப்படி பீச்சப்படுகின்றது. இதனாற் புகை குறைந்தது, எரிபொருட் செலவு குறைந்தது, வலு கூடியது. இவை மறுக்கவியலா நன்மைகள். பழைய எந்திரத்தைப் போற்றி ஏங்குவது நமது நோக்கமன்று.

ஆயினும் நன்மையின் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். பழைய பம்பி ஓரளவு அழுக்கைப் பொறுத்துக்கொண்டது. 10 மைக்ரோன் அளவில் வடித்தாலும் ஓடியது. புதியதற்கு 2 முதல் 5 மைக்ரோன் வரையிலான வடிப்புத் தேவை. பழையதில் குழாயின் இணைப்பைத் தளர்த்திக் காற்றெடுக்கலாம். புதியதில் அவ்வாறு செய்வது உயிராபத்து. அவ்வமுக்கத்திற் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுள் நுழையும். எனவே, எஞ்சின் சுழலும்போது அதன் உயரமுக்கக் குழாய்களில் எவரும் கைவைத்தலாகாது. பழையதில் கோளாறை ஒலியாலும் புகையாலும் அறிந்தனர். புதியதில் அதனைப் பெரும்பாலும் கணினி வாசிப்பானே சொல்லவேண்டும். அக்கருவி கம்பனியின் முகவரிடமோ, நகரத்துக் கராஜிலோ இருக்கும்.

1974இல் வெளியான ‘உழைப்பும் ஏகபோக முதலும்’ என்ற நூலில் ஹரி பிறேவர்மன், கருத்தாக்கத்தையும் செயலாக்கத்தையும் பிரித்து, தொழிலாளியின் கைத்திறனை நிருவாகத்தின் உடைமையாக்குவது முதலாளித்துவ உற்பத்தியின் போக்கு என விளக்கினார். அவர் தொழிற்சாலையைப் பற்றிப் பேசினார். அப்போக்கு இன்று பட்டறைக்கும் பாதையோரத்துக்கும் வந்துள்ளது. சாரதியிடமும் ஊர்ப் பட்டறையிடமும் இருந்த அறிவு, மூடி முத்திரையிடப்பட்ட பெட்டியினுள் இடம்பெயர்ந்து, விலைக்கு மீள விற்கப்படுகின்றது. நகரத்தில் இதனால் ஏற்படுவது கூடுதற் செலவு. கொண்டச்சிப் பாதையில் ஏற்படுவது கைவிடப்படுதல்.

ஆகவே, தொலைவிடத்துக்குச் செல்வோர் புதிய வண்டியை வைத்திருப்பின் தூய்மையில் பன்மடங்கு கண்டிப்பாய் இருத்தல் வேண்டும். தாங்கிக்கும் வண்டியின் வடிகட்டிக்கும் இடையில், வெளிப்படையான கிண்ணமுடைய நீர்பிரிப்பான் ஒன்றை மேலதிகமாகப் பொருத்திக்கொள்ளலாம். நீர் தேங்குவதைக் கண்ணாலேயே காணலாம். நீர் பற்றிய எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஊர் சென்று பார்க்கலாம் என்று ஓட்டாது, அவ்விடத்திலேயே நிறுத்தி வடித்தல் வேண்டும். பெற்றோல் தவறுதலாக ஊற்றப்பட்டதெனின் எஞ்சினைத் தொடக்கவே கூடாது. தாங்கியை முற்றாக வடிப்பதே வழி.

7

பயணத்துக்கு முன் செய்யத்தக்கனவற்றைத் தொகுத்துக் கூறின், அவை மிகச் சிலவே. உறிஞ்சும் பகுதியின் றப்பர்க் குழாய்களையும் இறுக்கிகளையும் பார்த்தல். வெடிப்புக் கண்டால் மாற்றுதல். நீர்பிரிப்பானை வடித்து, வடிந்ததைக் கண்ணாடிப் போத்தலிற் பிடித்துச் சற்று நேரம் வைத்துப் பார்த்தல். நம்பிக்கையான இடத்தில் டீசலை மாலையில் நிரப்புதல். வண்டிக்குப் பொருந்தும் வடிகட்டிகள் இரண்டு, குழாய்த் துண்டு, இறுக்கிகள், அளவான ஸ்பனர்கள், வலையிட்ட புனல், சுத்தமான கான் ஆகியவற்றை எடுத்துச்செல்லல். ஏற்றத்தில் வலு குன்றிச் சமநிலத்தில் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைபட்டிருக்கும். நின்று நின்று ஓடுவதில் காற்றோ நீரோ இருக்கும் என்ற அளவிலேனும் நோயறிதலைத் தெரிந்துகொள்ளல். இவற்றுள் எதுவும் பொறியியற் பட்டம் வேண்டுவதன்று.

இவற்றோடு நாம் ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறோம். உமணர் தனித்தனியாகச் செல்லவில்லை; கூட்டமாகவே சென்றனர். ஒரு வண்டியின் சேம அச்சு, தேவைப்பட்டால் மற்றொன்றுக்கும் உதவியிருக்கும். முசலி போன்ற பகுதிகளில் கடற்றொழிலாளர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் உண்டு. படகுகள் சிலவும் உழவு இயந்திரங்களும் டீசலால் இயங்குகின்றன. பொதுவான வடிகட்டிகள் சில, ஒரு நல்ல வடிப்புப் புனல், ஒரு கைப்பம்பி ஆகியன அத்தகைய அமைப்பொன்றின் பொதுவுடைமையாக இருப்பின், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்று நின்றுபோகாது இருக்கக்கூடும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அறிவியலைத் தமிழில் தருவதென்பது கலைச்சொல் ஆக்குவதோடு முடிந்துவிடுவதாக நாம் நெடுங்காலம் எண்ணிவந்துள்ளோம். பட்டறையில் ஏற்கெனவே ஒரு தமிழ் வழங்குகிறது. ‘நொசில்’, ‘எயர் எடுத்தல்’ போன்ற சொற்களோடு கூடிய அத்தமிழில் துல்லியமான அறிவு உள்ளது. அதனைக் கொச்சையென ஒதுக்காது கேட்டெழுதி, காரண விளக்கங்களோடு சேர்த்து, சாரதிகளும் படகோட்டிகளும் கையிற் கொள்ளத்தக்க சிறு நூலாக்குவது, பாடல் திரட்டுவதற்கு எவ்வகையிலும் தாழ்ந்த பணியன்று. அன்று நாம் பாடல்களைத் தேடிச் சென்றோம். சில பாடல்களும் கிடைத்தன. படகு எஞ்சின் திருத்துபவரிடம் பதிவுக் கருவியை நீட்டவேண்டும் என்பது மட்டும் நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த பயணத்தில் அவரிடமிருந்தே தொடங்குவதென முடிவு செய்துள்ளோம்.